சொல்லும் கோடும்: போர்ச் சித்திரக்கதைகளில் சிப்பாயின் சாவு

1979 ஜனவரியில் பிரிட்டனின் ‘பேட்டில்’ வார இதழில் ‘சார்லீஸ் வார்’ என்ற தொடர் தொடங்கியது. எழுதியவர் பேட் மில்ஸ். வரைந்தவர் ஜோ கோல்கூன். 16 வயது சார்லி போர்ன் வயதைக் கூட்டிச் சொல்லிப் படையில் சேர்கிறான். 1916இல் பிரான்சின் சோம் போர்க்களத்திலிருந்து, எழுத்துப்பிழை மலிந்த கடிதங்களில் வீட்டாருக்கு ஆறுதல் சொல்கிறான். கடித வரிகளை ஒட்டியுள்ள கட்டங்களிலோ அகழிச் சேறும் எலிகளும் பிணங்களும் நெருக்கமான கோடுகளில் மண்டிக்கிடக்கின்றன.

சிறந்த போர்ச் சித்திரக்கதைகளில் எளிய சிப்பாயின் துயரம் இந்த முரணிலிருந்தே பிறக்கிறது. போருக்குச் சூட்டப்படும் சொல்லை, வரையப்பட்ட உடல் மறுக்கிறது.

சார்லியின் கதையில் லெப்டினன்ட் தாமஸ் தன் ஆட்களைக் காப்பாற்றப் பின்வாங்குகிறார். ராணுவ நீதிமன்றம் அதற்கு வைத்த பெயர் கோழைத்தனம். அவரைச் சுடும் அணியில் நிறுத்தப்பட்ட சார்லி சுட மறுக்கிறான். இது கற்பனை, ஆனால் முதல் உலகப்போரில் ஓடிப்போனது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகச் சுட்டுக் கொல்லப்பட்ட 306 பேருக்கு பிரிட்டன் மன்னிப்பு வழங்கியது 2006இல்தான். அந்தச் சொல்லின் அநீதியைச் சிறுவர் வார இதழ் ஒன்று பல ஆண்டுகள் முன்பே வரைந்து காட்டிவிட்டது.

பகைவன் என்ற சொல்லும் இப்படியே உடைபடுகிறது. கொரியப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1952இன் தொடக்கத்தில், அமெரிக்கர் ஹார்வி கர்ட்ஸ்மன் ‘கார்ப்ஸ் ஆன் த இம்ஜின்’ கதையை எழுதி வரைந்தார். அமெரிக்கச் சிப்பாய் ஒருவன் எதிரியை ஆற்று நீரில் அமுக்கிக் கொல்கிறான். வெற்றி முழக்கம் இல்லை. செத்தவனுக்காக இரங்கும்படி கேட்டுக் கதை முடிகிறது; பிணம் ஆற்றோடு போகிறது.

போரை வரைந்தாலே அது கண்ணுக்கு விருந்தாகிவிடும் என்ற மறுப்பு ஒன்று உண்டு. அதைத் தள்ளிவிட முடியாது. ‘பேட்டில்’ இதழிலேயே சார்லிக்குப் பக்கத்தில் சாகசக் கதைகளும் வந்தன. வெடிக்கும் குண்டு எந்தக் கதையில் வந்தாலும் கண்ணை இழுக்கத்தான் செய்யும்.

இந்த மறுப்புக்கு வலுவான பதில் ஜப்பானிலிருந்து கிடைக்கிறது. இரண்டாம் உலகப்போரில் நியூ பிரிட்டன் தீவில் சிப்பாயாக இருந்து, குண்டுவீச்சில் இடக்கையை இழந்தவர் ஷிகெரு மிசுகி. கூண்டோடு சாகும்படி கட்டளையிடப்பட்ட படைப்பிரிவின் கதையை அவர் 1973இல் மங்கா என்ற ஜப்பானியச் சித்திரக்கதையாக்கினார். அத்தகைய சாவுக்கு ராணுவம் வைத்த பெயர் ‘கியோகுசாய்’. மணிக்கல் நொறுங்குவது என்பது அதன் நேர்ப்பொருள். மிசுகியின் சிப்பாய்களோ பசியில் அலைகிறார்கள், அறை வாங்குகிறார்கள். ஒருவன் மீன் தொண்டையில் சிக்கிச் சாகிறான். அந்தச் சாவுத் தாக்குதலில் தப்பியவர்களையும் ராணுவம் விடவில்லை. அவர்கள் மாண்டதாக மேலிடத்துக்குச் செய்தி போய்விட்டது. அதை மெய்யாக்க ராணுவம் அவர்களை மறுபடி சாக அனுப்புகிறது.

கதை நெடுகக் காடும் கடலும் நிழற்படம்போல் நுணுக்கமாக இருக்க, சிப்பாய்களின் முகங்கள் மட்டும் கேலிச்சித்திரம்போல நாலைந்து கோடுகளில் நிற்கின்றன. இறுதிப் பக்கங்களில் அந்த எளிய கோடு மறைகிறது. சாகசமும் இல்லை, பேச்சும் இல்லை. இதுவரை காட்டுக்கும் கடலுக்கும் மட்டுமே வாய்த்த நுணுக்கம் முதல்முறையாக மனிதர்களுக்குக் கிடைக்கிறது, அவர்கள் பிணங்களாகக் குவிந்து கிடக்கும்போது.