முதலாளி சொன்னால் போதுமா?

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பிழைப்புக்கு வந்து சேர்ந்தது கோவைப் பக்கம். தொழிலாளர் வழக்குக் கட்டுகளைக் கவனிக்கும் குமாஸ்தா உத்தியோகம்.

1804-ஆம் ஆண்டு பிரெஞ்சு சிவில் சட்டத்தில் 1781 என்று ஒரு பிரிவு இருந்தது. கூலி எவ்வளவு, கொடுத்தாயிற்றா என்ற தகராறில் முதலாளி உறுதியாகச் சொன்னால் அதையே நம்ப வேண்டும். தொழிலாளியின் சொல்லுக்கு அந்த மதிப்பு இல்லை. 1868-இல்தான் அதை நீக்கினார்கள்.

நம் சட்டத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. ஆனாலும் திருப்பூர்க் கட்டுகளைப் பிரிக்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

1984-இல் பஞ்சப்படி கேட்டு பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் அது. தெருவில் ஆயிரக்கணக்கில் நின்றவர்கள், கூலி வழக்கு என்று வந்தால் தனி ஆள். பீஸ் ரேட், காண்ட்ராக்டர் மூலம் வேலை, சனிக்கிழமை கையில் காசு, ரசீது இல்லை. சம்பளப் பதிவேடு கம்பெனி பீரோவில். தொழிலாளிக்கு மிஞ்சுவது பக்கத்தில் வேலை செய்தவரின் வாய்ச் சாட்சி மட்டும்.

1990-களில் கைமடி வேலை பார்த்த ஒரு பெண், ஒன்றரை ஷிப்ட் கூலி பாக்கி கேட்டு வந்தார். "சாட்சிகள் யார் யார்? பட்டியல் கொடுங்கள்" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். குறுக்கு விசாரணைக்குத் தயாராக வேண்டுமே, கேட்டது முறைதான். மூன்று பெயர் கொண்ட அந்தப் பட்டியலுக்கு நகல் எடுத்து அனுப்பியவன் நான். அடுத்த வாய்தாவுக்கு மூவரில் ஒருவரும் வரவில்லை.

"அவங்களுக்கும் புள்ள குட்டி இருக்குதுங்க சார்" என்றார் அந்தப் பெண். கோபமே இல்லை.

சாட்சியை வரவழைக்கவும் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லவும் அன்று நடைமுறையில் இருந்த தொழில் தகராறு சட்டம் 11(3) அதிகாரம் தந்தது. பதிவேடும் வந்தது. அதில் அவர் பெயரே இல்லை!

எல்லட்டி வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம், தினக்கூலி ஆளிடம் நியமனக் கடிதமோ ரசீதோ இருக்காது என்பதை ஒப்புக்கொண்டது. அவர் கூண்டேறிச் சாட்சி சொல்லி, மஸ்டர் ரோலைக் கேட்கலாம் என்றது. 2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்பு, 59-ஆம் பிரிவில், கூலியைக் கொடுத்தாயிற்று என்று நிரூபிக்கும் பொறுப்பை முதலாளி தலையில் வைத்தது. பிரெஞ்சுக்காரர்கள் பழைய பிரிவை நீக்கி 151 வருடம் கழித்து!

நல்ல சட்டம்தான். ஆனால் அங்கே வேலை செய்தோம் என்பதையே ஒப்புக்கொள்ளாவிட்டால், மறுபடியும் பக்கத்தில் நின்றவர்தான் வந்து சொல்ல வேண்டும். அவருடைய வேலைக்கு யார் ஜவாப்தாரி? அந்த மூன்று பெயர்களும் எனக்கு இன்னும் மறக்கவில்லை.