நோன்பு, பள்ளி, தொழுகை: யார் வீட்டுச் சொல்?

முஸ்லிம்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே "அவங்கல்லாம் வெளியிலேர்ந்து வந்தவங்கதானே"ன்னு யாராவது ஒருத்தர் சொல்லிடுவார். எங்க வெம்பக்கோட்டைப் பக்கமும் இதுக்கு விதிவிலக்கு இல்லை. சொல்றவருக்கு அது சாதாரணப் பேச்சு; கேட்கிறவருக்கு தலைமுறை தலைமுறையா வாழ்ந்த மண்ணுல வாடகைக்கு இருக்கிற மாதிரி. அதனால கொஞ்சம் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போம்.

வைப்பாற்றங்கரையில் 2022-இல் தொல்லியல் துறை தோண்ட ஆரம்பிச்சப்போ சங்கு வளையல்கள் கிடைச்சது. கரிசல் காட்டுக்குள்ள சங்கு ஏது? கடற்கரையிலேர்ந்து வந்ததுதான். ஆக, இஸ்லாம் தோன்றும் முன்பே இந்த உள்நாட்டுக்கும் கடலோரத்துக்கும் கொடுக்கல் வாங்கல் இருந்திருக்கு. அந்தக் கடலோரத்துக்குத்தான் அரபு வணிகர்கள் வந்தாங்க. 13-ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்குக் கப்பல் கப்பலா குதிரைகள் வந்து இறங்கியதை மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார்.

வந்தவர்களில் சிலர் இங்கேயே பெண் எடுத்தார்கள். இங்கிருந்தவர்கள் பலர் மார்க்கத்தை ஏற்றார்கள். கடலோரத்தில் மரைக்காயர், உள்நாட்டில் குதிரையோடு சேர்த்துப் பேசப்படும் ராவுத்தர். மரைக்காயர் பெரும்பாலும் ஷாஃபி, ராவுத்தர் ஹனஃபி. தொழும்போது ஒருத்தர் தொப்புளுக்கு மேலே கை கட்டுவார், இன்னொருத்தர் கீழே. வித்தியாசம் அந்த அளவுதான். கலிமா, ஐவேளைத் தொழுகை, ரமலான் நோன்பு, சேமிப்பில் 2.5 சதவீதம் ஜகாத், வசதியிருந்தா வாழ்நாளில் ஒருமுறை ஹஜ். இந்த அஞ்சும் ரெண்டு பேருக்கும் பொது. உலகம் முழுக்கப் பெரும்பான்மை முஸ்லிம்களின் அன்றாட இஸ்லாம் இதுதான். டிவி விவாதங்களில் இதுக்கு நேரம் கிடைக்கிறதில்லை :)

இப்ப அந்தச் சொற்களைக் கவனிங்க. அரபியில் 'ஸலாத்', தமிழில் தொழுகை. 'ஸவ்ம்', நம்ம ஊரில் நோன்பு. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் இருந்ததும் நோன்புதான்! சமண, பௌத்தத் துறவிகள் தங்கிய இடத்துக்கு இருந்த 'பள்ளி' என்ற பெயர்தான் பள்ளிவாசல் ஆச்சு. வெளியிலேர்ந்து வந்து ஒதுங்கியே நின்ன கூட்டம், சாமி கும்பிடுறதுக்கு உள்ளூர்ச் சொல்லையா எடுக்கும்?

இதுக்குப் பெரிய சாட்சி, இங்கிருந்து தென்கிழக்கே இருக்கிற எட்டயபுரம். அந்த ஜமீனின் அரசவைப் புலவர் உமறு. அவருடைய ஆசிரியர் கடிகை முத்துப் புலவர், ஒரு இந்து. மாணவர் பாடியது நபிகள் நாயகத்தின் வரலாறு: சீறாப்புராணம், 5027 விருத்தங்கள். ஆதரித்தவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி. அவர் காலமான பிறகு பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் கை கொடுத்தார். அந்தச் சீதக்காதிக்கு நெருங்கிய நண்பர் ராமநாதபுரம் கிழவன் சேதுபதி. 1985-இல் பிரியும் வரை வெம்பக்கோட்டையும் கீழக்கரையும் அதே ராமநாதபுரம் ஜில்லாதான்.

சீறாவில் எனக்குப் பிடிச்சது நாட்டுப் படலம். அரபு நாட்டில் மழை கொட்டுது, ஆறு பெருகுது, நாத்து நடுறாங்க, அறுவடை நடக்குது! மனுஷன் பாலைவனத்தையே வயக்காடா மாத்திட்டார். நபியின் ஊர் தனக்கு அந்நியமா இருக்கக்கூடாதுன்னு நினைச்ச ஒரு தமிழனோட மனசு அதுல தெரியுது.

எல்லாம் அப்படியே உறைஞ்சு நிக்கலை. 1970-களுக்குப் பிறகு வளைகுடா வேலை வந்தது. 1980-களில் தவ்ஹீத் குரல் வலுத்து, தர்காவில் வேண்டுவது மார்க்கத்தில் இல்லை என்றது. சுன்னத் ஜமாஅத் தரப்பு, அது வழிபாடு இல்லை, இறைநேசருக்கு மரியாதை என்றது. இன்னைக்கும் வாதம் ஓடுது. ஒரே வீட்டில் அப்பா தர்காவுக்குப் போவார், மகன் போகமாட்டார். லுஹர் நேரம் வந்தா ரெண்டு பேரும் ஒரே திசையைப் பார்த்துத் தொழுவாங்க. எல்லாரையும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி பேசுறவங்க இதையும் கொஞ்சம் யோசிக்கணும்.

எட்டயபுரம் போறவங்க பாரதி பிறந்த வீட்டோட திரும்பிடாதீங்க. உமறுப் புலவர் அடங்கியிருக்கிற இடமும் அதே ஊர்லதான் இருக்கு. ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வாங்க.