பாயிலிருந்து எழும்புதல்

ஒரு மனிதரின் எஞ்சிய ஆயுளை ஓரளவு கணிப்பதற்கு வெறுந்தரையே போதும் என்று சொன்னால் வாசகர்கள் நம்பமாட்டீர்கள். ஆயினும், பிறேசில் நாட்டின் றியோ டி ஜெனிறோ நகரில் பணியாற்றும் மருத்துவர் கிளோடியோ கில் அறௌஜோவும் அவரது குழுவினரும் ஏறத்தாழ அதைத்தான் செய்து காட்டினார்கள். வெறுங்காலுடன் நிற்கும் ஒருவரைத் தரையிலே உட்காரச் சொல்வார்கள். பின்னர் எழும்பச் சொல்வார்கள். உட்காருவதற்கு 5, எழும்புவதற்கு 5 என மொத்தம் 10 புள்ளிகள். கையை ஊன்றினால் ஒன்று, முழங்காலை ஊன்றினால் ஒன்று, தள்ளாடினால் அரை எனக் கழித்துக்கொண்டே போகவேண்டும். 51 முதல் 80 வயது வரையான 2,002 பேரைச் சோதித்து, சராசரி ஆறாண்டுகளுக்குச் சற்று மேலாக அவர்களைக் கவனித்ததில் 159 பேர் இறந்திருந்தனர். 3 புள்ளிக்கு மேற்படாதோரின் இறப்பு வீதம், 8 புள்ளியும் அதற்கு மேலும் பெற்றோரினதைவிட ஐந்தாறு மடங்காக இருந்தது. 2012இல் வெளியான அந்த ஆய்வின் தொடர்ச்சியாக, 4,282 பேரை ஏறத்தாழ 12 ஆண்டுகள் பின்தொடர்ந்த இன்னொன்று 2025இல் வெளிவந்தது. அதன் முடிவும் அதே திசையிலேயே இருந்தது.

மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் வாழ்ந்த பழைய தலைமுறையினர் இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். அவர்களுடைய வாழ்வே தரையில்தான் நடந்தது. ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம் வரை ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் இந்த வாவியின் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. இரு கரையிலும் பன்னால் இழைத்த பாயே கட்டில், அதுவே விருந்தினர் இருக்கை. கோவிலில் பந்தி தரையில். முஸ்லிம் வீடுகளில் ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் அமர்ந்து உண்பதும் தரையில். ஐவேளைத் தொழுகையில் கடமையான ரக்அத்துகள் 17. அவற்றை மட்டும் நிறைவேற்றும் ஒருவர் கூட, நின்ற நிலையிலிருந்து நாளொன்றுக்குப் பதினேழு தடவை தரைக்குப் போய் மீண்டும் எழுகிறார். அறௌஜோவின் சோதனை இங்கே யாரும் புள்ளி போடாத அன்றாடப் பழக்கமாக இருந்தது.

கூத்து இன்னும் கடுமையான சோதனை. வட்டக்களரியில் இரவு முழுவதும் ஆடப்படும் வடமோடிக் கூத்தைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கரப்புடுப்பும் முடியும் புயக்கட்டும் தரித்துக்கொண்டு, பாடியபடியே ஆட வேண்டும். மூச்சு இரண்டுக்கும் போதியதாக இருக்க வேண்டும். சட்டங்கொடுத்தல் முதல் சதங்கை அணிதல், அரங்கேற்றம் வரை மாதக்கணக்கில் பழக்கம் நடக்கும். யாருக்கு எந்தப் பாத்திரம் என்று அண்ணாவியார் தீர்மானிப்பதில் குரலுக்கும் தோற்றத்துக்கும் உள்ள இடம் காலுக்கும் உண்டு. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு கூத்தை நவீன மேடைக்குக் கொணர்ந்தபோது, விடிய விடிய ஆடும் கூத்து ஓரிரு மணி நேரத்துக்குள் அடங்கிற்று. அந்த முயற்சியில் மாணவராகப் பங்குகொண்டு பின்னர் பேராசிரியரான அமிர்தகழி சி. மௌனகுரு, மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். கலைநயம் கருதிச் செய்த சுருக்கம் அது, குறை சொல்லவில்லை. ஆனால் நள்ளிரவு கடந்தும் கால் தளராதவன் யார் என்று ஊர் கூடியிருந்து பார்க்கும் வாய்ப்பு மேடைக்கூத்தில் இல்லை.

கதிர்காமப் பாதயாத்திரையும் இவ்வகையினதே. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படுவோர் வெருகல், மாமாங்கம், காரைதீவு, திருக்கோவில், பொத்துவில், பாணமை வழியாக உகந்தையை அடைந்து, குமண, யால காடுகளுக்குள் இறங்குகிறார்கள். 1983இல் போர் மூண்டதும் தடைப்பட்ட இந்நடை, கதிர்காம பக்தர்களின் அறக்கட்டளையின் முயற்சியால் 1988இல் மீண்டும் தொடங்கியது. இந்த அணியிலே தலை நரைத்த பெண்கள் பலரைக் காணலாம். அவர்கள் இரவில் மணலில் படுத்து விடியுமுன் எழும்பி நடப்பவர்கள்.

இவ்வளவும் சொன்னபின், "அதனால்தான் எங்கள் முன்னோர் நூறு வயது வாழ்ந்தார்கள்" என்று யாராவது முடிப்பார்கள். மேடைகளில் அடிக்கடி கேட்கும் வசனம் அது. வரலாறு அதை ஏற்கவில்லை. 1934-35இல் மலேரியாக் கொள்ளைநோய் இலங்கையைச் சூறையாடியபோது நல்ல காலுள்ளவர்களும் மடிந்தார்கள். வயலும் குளமும் காடும் சூழ்ந்த படுவான்கரையில் காய்ச்சல் ஆண்டுதோறும் வந்த விருந்தாளி. 1946இல் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 20ஆக இருந்த நாட்டின் இறப்பு வீதம் 1947இல் 14ஆக இறங்கியது. டீ.டீ.ரீ. தெளிப்பும் சுகாதார சேவையின் விரிவும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. பாயைக் காரணமாகச் சொன்னவர் எவருமில்லை. தொற்றுநோயைத் தாண்டி அறுபதைக் கடப்போர் பெருகிய பின்னரே, காலின் வலு ஆயுளோடு சேர்த்துப் பேசப்படும் விடயமாயிற்று.

அதை மருத்துவ உலகம் அளக்கத் தொடங்கிய கதை சுவையானது. லண்டன் மாடிப் பேருந்துகளில் நாள் முழுதும் உட்கார்ந்திருந்த சாரதிகளைவிட, படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்புக் குறைவு என்று ஜெரி மொறிஸ் 1953இல் எழுதினார். (நாற்பதாண்டு கதிரையில் இருந்து செய்தி எழுதிய என் போன்றோர் எந்தப் பக்கம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மொறிஸ் 99 வயது வரை வாழ்ந்தார்.) 1986இல் பிரித்தானியாவில், கதிரையிலிருந்து எழும்பிச் சற்று நடந்து திரும்பி உட்காரும் சோதனை ஒன்று அறிமுகமாயிற்று. 1991இல் மொன்றியல் நகரில் 60 முதியோரைக் கொண்டு அதற்கு மூன்று மீற்றர் தூரமும் கடிகாரமும் சேர்த்தார்கள். 2011இல் ஸ்ரூடென்ஸ்கி குழுவினர் 65 வயதைக் கடந்த 34,485 பேரின் நடைவேகத்தை ஆராய்ந்து, விநாடிக்கு 0.8 மீற்றர் என்பது அந்தந்த வயதினரின் நடுத்தர ஆயுளோடு பொருந்துகிறது என்றனர். அதைவிட விரைந்து நடப்போருக்கு வாய்ப்புக் கூடுதல். ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்க முடியாதோரின் இறப்பு அபாயம் பற்றி 2022இல் ஓர் ஆய்வு வந்தது. ஆடும் தோணியின் அணியத்தில் நின்று வீச்சுவலை எறியும் வாவி மீனவரை அதில் சேர்த்திருந்தால் என்ன கிடைத்திருக்குமோ!

நடைவேகம் எங்கள் கரையில் ஒருமுறை ஆண்டுகளை அன்றி நிமிடங்களைத் தீர்மானித்தது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். வாவியும் வயலும் ஒரு புறமும் கடல் மறுபுறமுமாக ஒடுங்கிய நிலத்துண்டில் நெருங்கிக் கிடந்த மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு ஊர்களின் மீது ஆழிப்பேரலை ஏறியது. இலங்கையில் அதிகம் பேரை இழந்தது அம்பாறை மாவட்டமே. அம்மாவட்டத்தின் 13 முகாம்களில் தங்கியிருந்த குடும்பங்களில் நிஷிகியோரி என்ற ஜப்பானிய ஆய்வாளரின் குழு விசாரித்தது. 2006இல் வெளியான அந்த ஆய்வை மேசையில் வைத்துக்கொண்டு நான் சில நாள் வேறெதுவும் எழுதவில்லை. 3,533 பேரைப் பற்றிய கணக்கு அது. நூற்றுக்கு ஏறக்குறைய 13 பேர் இறந்தோ காணாமற்போயோ இருந்தனர். இருபது வயதுகளில் உள்ளோரில் நூற்றுக்கு 7.4, ஐம்பதைக் கடந்தோரில் 15.3, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 31.8. ஆண்களில் 8.2, பெண்களில் 17.5.

இதைக் காலின் வலுவுக்கு மட்டும் கணக்கெழுதுவது அநியாயம். வீட்டுக்குள் இருந்தோர் அதிகம் இறந்தனர். வீடு இடிந்த அளவுக்கு உயிரும் போயிற்று. கையில் பிள்ளையோடு ஓடிய தாயின் வேகத்தை எந்தக் கடிகாரத்தால் அளப்பது? ஆயினும் ஐம்பதைக் கடந்தோரின் எண்ணைக் கவனியுங்கள். ஐம்பது ஒரு முதுமையா? இருபத்தைந்து வயது மகனோடு ஒரே வாசலில் நின்றவர்கள் அவர்கள். மகனைவிட இருமடங்கு அபாயம் அவர்களுக்கு இருந்தது.

இப்போது கதிரை வந்துவிட்டது. பள்ளிவாசல் வரிசைகளின் ஓரத்திலும் கோவில் மண்டபத்துச் சுவரோரமும் பிளாஸ்ரிக் கதிரைகள் ஆண்டுக்காண்டு கூடுகின்றன. பந்தி மேசைக்கு ஏறிவிட்டது. இயலாதவர் இருந்தபடி தொழலாம் என்பது மார்க்கம் தந்த சலுகை. முழங்கால் தேய்ந்தவருக்குக் கதிரை ஒரு விடுதலை. தரையிலேயே வாழ்வதற்கும் ஒரு விலை உண்டு. இளமையில் நெடுநேரம் குந்தியிருந்தோருக்கு முதுமையில் முழங்கால் மூட்டுத் தேய்வு அதிகம் என்று பெய்ஜிங் நகரில் செய்து 2004இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. என் கவலை வலியில்லாதவர்களைப் பற்றியது. நாற்பது வயதில் வசதிக்காகக் கதிரையில் ஏறியவர் அறுபதில் இறங்க முடியாமல் நிற்பதைப் பார்க்கிறோம். குளியலறையில் விழுந்தால் எழும்பத் தெரியாமல் கிடப்பதையும் பார்க்கிறோம். வெளிநாடுகளில் பிள்ளைகள் இருக்க, பெற்றோர் தனித்திருக்கும் வீடுகள் இக்கரையிலும் பெருகிவிட்டன.

றியோவின் புள்ளிகளை அப்படியே எங்கள் ஊருக்குப் பொருத்தலாகாது. தொடையில் கையூன்றி எழும்புவது இங்கே பலருக்கு வாலிபத்திலிருந்தே வந்த பழக்கம். அதற்கும் ஒரு புள்ளி போய்விடும். புள்ளி குறைந்ததாலேயே ஆயுள் குறைவதுமில்லை. தசை, சமநிலை, மூட்டு, இதயம், ஏற்கெனவே உள்ள நோய் எல்லாவற்றையும் அது ஒன்றாகக் காட்டுகிறது, அவ்வளவே. தொடர்ந்து பழகினால் புள்ளி ஏறும். நூறு நாள் பாயில் சாப்பிட்டுப் பார்க்கலாம்.

தரையில் சோதிக்க அஞ்சுவோர் கதிரையிலிருந்தே தொடங்கலாம். கைகளை நெஞ்சோடு கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழும்பி உட்கார வேண்டும். 15 விநாடிக்கு மேல் எடுத்தால் தசை வலுக் குன்றியிருக்கக்கூடும், வைத்தியரிடம் காட்டுங்கள் என்கிறது 2019இல் ஐரோப்பிய நிபுணர் குழு வெளியிட்ட வரையறை. பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். கதிரையைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள். பிளாஸ்ரிக் கதிரை சீமெந்துத் தரையில் வழுக்கும்.