செப்பாங்கும் ஒரு சிவப்பு மரமும்

அரங்கில் கூடியிருந்தவர்களிடம் முதலில் ஒரு கேள்வி கேட்டேன். செப்பாங் என்றதும் என்ன நினைவுக்கு வருகிறது? "விமான நிலையம்" என்றார்கள் பெரியவர்கள். "கார் பந்தயம்" என்றார்கள் இளைஞர்கள். மரம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

மலாய்மொழியில் செப்பாங் என்பது ஒரு மரத்தின் பெயர். ஊருக்குப் பெயர் வந்ததே அந்த மரத்தால்தான் என்பார்கள். தமிழில் அது சப்பங்கம், கேரளத்தில் பதிமுகம். அவரை, புளி இவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த சிறு முள்மரம். பூத்தால் மஞ்சள் கொத்துதான். ஆனால் நடுவைரத்தைச் சீவிக் கொதிக்க வைத்தால் தண்ணீர் சிவந்துவிடும். கப்பல்கள் தேடி வந்தது அந்தச் சிவப்பைத்தான்.

13ஆம் நூற்றாண்டிலேயே மார்க்கோ போலோ கொல்லத்துச் சாயமரத்தைக் குறிப்பிட்டிருக்கிறார். சயாமின் அயுத்தியாவிலிருந்து அது ரியூக்கியூ வணிகர்களின் கப்பலேறிச் சீனாவுக்குப் போனது. 15ஆம் நூற்றாண்டில் மிங் அரசு, அதிகாரிகளின் சம்பளத்தில் ஒரு பகுதியைக் காசாகத் தராமல் மிளகாகவும் சப்பங்கக் கட்டையாகவும் கொடுத்தது! மாதக் கடைசியில் விறகுக்கட்டுடன் வீடு திரும்பும் கணவரை அந்த வீட்டம்மா எப்படி வரவேற்றிருப்பாரோ, தெரியவில்லை.

ஐரோப்பியர் இதைத் தணலைக் குறிக்கும் சொல்லிலிருந்து 'பிரேசில்' மரம் என்று அழைத்தார்கள். 1500இல் தென்னமெரிக்கக் கரையில் இறங்கிய போர்த்துகீசியர், அங்கும் இதே சிவப்பைத் தரும் வேறொரு மரத்தைக் கண்டார்கள். பழைய பெயரையே அதற்கும் வைத்தார்கள். நாளடைவில் நாட்டுக்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது. ஆக, நாட்டின் பெயர் மரத்துக்கு வரவில்லை. நம் பக்கத்து மரத்தின் பெயர்தான் காற்பந்து நாட்டுக்குப் போயிருக்கிறது.

இவ்வளவு பெருமைக்கும் ஒரு குறை உண்டு. இந்தச் சாயம் வெயிலில் வெளுக்கும். 1856இல் இங்கிலாந்தில் 18 வயது பெர்க்கின் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தார். பின்னர் ஆலைச் சாயங்கள் பெருகவே, சப்பங்கத்தின் வணிகம் சரிந்தது.

அப்படியும் மரம் மறைந்துவிடவில்லை. கேரள உணவகங்களில் இளஞ்சிவப்பு நிறத்தில் வெந்நீர் தருவார்களே, அது பதிமுகச் சீவல் போட்டுக் காய்ச்சியதுதான். அடுத்த முறை அதில் எலுமிச்சைச் சாறு சில துளி விட்டுப் பாருங்கள். சிவப்பு மறைந்து மஞ்சளாகிவிடும், அதன் பூவைப் போலவே.