பன்னிரண்டு வருடம் திறக்காத தொட்டி

பிரான்ஸின் கிழக்குப் பக்கம் வெசூல் என்று ஒரு சின்ன ஊர். 1860 வாக்கில் அங்கே லூயி முரா என்ற ஆசாமி, வீட்டுக்காக ஒரு தொட்டி கட்டினார். கக்கூஸ் தண்ணீர், சமையலறைத் தண்ணீர், மழைத்தண்ணீர் எல்லாம் அதற்குள் போகும். நிரம்பியது இன்னொரு குழிக்குள் வழியும். அவ்வளவுதான் ஏற்பாடு. பாதாளச் சாக்கடை என்பது லண்டன், பாரிஸ் மாதிரி ராட்சச நகரங்களுக்கே அப்போதுதான் வந்துகொண்டிருந்த சமாச்சாரம்.

சுமார் பன்னிரண்டு வருடம் கழித்துத் தொட்டியைத் திறந்து பார்த்தார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் திறந்திருப்பார்கள். ஆனால் உள்ளே கெட்டியாக ஏறக்குறைய எதுவுமே இல்லை! அத்தனை வருடச் சரக்கு எங்கே போச்சு?

தொட்டிக்குள் வரும் குழாயும் வெளியே போகும் குழாயும் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே முங்கியிருந்தன. அதனால் உள்ளே காற்று புகவில்லை. காற்றில்லாத இருட்டில் வாழக்கூடிய நுண்ணுயிர்கள் உட்கார்ந்து எல்லாவற்றையும் தின்று கரைத்துவிட்டன. அப்படிப்பட்ட உயிர்கள் உலகத்தில் உண்டு என்று லூயி பாஸ்டர் அறிவித்ததே 1861-ல்தான். அதாவது முரா தொட்டியைக் கட்டியபோது, அதற்குள் என்ன நடக்கும் என்று அவருக்கு மட்டுமல்ல, யாருக்குமே தெரியாது.

முராவுடன் ஒரு பாதிரியார் சேர்ந்துகொண்டார். அபே முவாஞோ. அறிவியல் பத்திரிகை நடத்திய சுவாரசியமான மனிதர். கண்ணாடிப் பக்கங்கள் வைத்துத் தொட்டி செய்து, உள்ளே போட்டதெல்லாம் கரைவதைப் பார்த்தார்கள். 1881-ல் காப்புரிமை வாங்கினார்கள். கண்டுபிடிப்புக்கு வைத்த பெயரிலேயே ‘தானாகவே காலி செய்துகொள்ளும்’ என்ற அர்த்தம் இருந்தது. இந்த ‘தானாகவே’யைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வில்லங்கம் அங்கேதான் இருக்கிறது.

கிட்டத்தட்ட அதே சமயம், கடலுக்கு அந்தப் பக்கம் இங்கிலாந்தில் இன்னொரு பாதிரியார் நேர் எதிர்த் திசையில் யோசித்துக்கொண்டிருந்தார். ஹென்றி மோல். டார்செட் மாவட்டத்தில் ஃபோர்டிங்டன் என்ற ஊரின் சபைக் குரு. அங்கே 1854-ல் காலரா. செத்துக்கொண்டிருந்தவர்களின் பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர். குடிசைகளின் லட்சணம் இப்படி இருந்தால் ஜனங்கள் சாகாமல் என்ன செய்வார்கள் என்று விக்டோரியா மகாராணியின் கணவர் ஆல்பர்ட்டுக்கே கடிதம் எழுதினார். நிலம் அரச குடும்பத்தின் சொத்தாச்சே!

1859-ல் மோல் தன் வீட்டு மலக்குழியை மூடினார். எல்லாவற்றையும் வாளியில் பிடித்துத் தோட்டத்தில் புதைக்கச் சொன்னார். மூன்று நான்கு வாரம் கழித்துத் தோண்டினால் வாடையே இல்லை, வெறும் மண்! அதே மண்ணைக் காயவைத்து மறுபடி பயன்படுத்தினார். மறுபடியும் அதே அதிசயம். 1860-ல் கக்கூஸில் கைப்பிடியை இழுத்தால் தண்ணீருக்குப் பதில் உலர்ந்த மண் கொட்டும்படி ஒரு சாதனம் செய்து காப்புரிமை எடுத்தார். குடிக்கிற தண்ணீரை எதற்கு இதில் கொட்டிப் பாழாக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

மண் கக்கூஸ் பள்ளிக்கூடங்களுக்கும் ராணுவ முகாம்களுக்கும் போனது. கப்பலேறி இந்தியச் சிறைகளுக்கும் பட்டாளக் குடியிருப்புகளுக்கும் வந்தது. இங்கே வந்ததும்தான் அதன் பலவீனம் பளிச்சென்று தெரிந்தது. மண்ணை யார் காயவைப்பது, யார் கொட்டுவது, யார் அள்ளிக்கொண்டு போவது? பாதிரியார் வீட்டில் தோட்டக்காரர் செய்த வேலையை, இந்தியாவில் சாதி பார்த்துச் சிலர் தலையில் கட்டினார்கள். மோல் மேல் தப்பில்லை. ஆனால் வாளி என்று ஒன்று இருந்தால் அதைத் தூக்க ஒரு ஆள் வேண்டுமே!

அந்த ஆளே வேண்டாம் என்றது தொட்டி. அதனால்தான் ஜெயித்தது.

1895-ல் எக்ஸிட்டர் நகரத்தின் சர்வேயர் டொனால்ட் கேமரன் இதே தத்துவத்தில் பெரிய அளவில் தொட்டி கட்டி ‘செப்டிக் டேங்க்’ என்று பெயர் வைத்தார். மேலே கிளம்பிய வாயுவைப் பிடித்து விளக்குகூட எரித்தார்கள். அடுத்த சில வருடங்களில் பம்பாய் மாட்டுங்காவின் தொழுநோய் விடுதியிலும் இப்படித் தொட்டி கட்டி வாயு எடுத்தார்கள். விடுதிக் கழிவு அங்கேயே வயலுக்கும் போனது.

அமெரிக்காவில் கேமரனின் கம்பெனி, செப்டிக் டேங்க் வைத்த ஊர்களிடம் ராயல்டி கேட்டுக் கோர்ட்டுக்குப் போனது. இயற்கையாக அழுகுவதற்கு ராயல்டியா என்று ஊர்க்காரர்கள் கொதித்தார்கள். சரடோகா ஸ்பிரிங்ஸ் வழக்கில் 1908-ல் கம்பெனிக்கே ஜெயம். ஆனால் 1913-ல் உச்ச நீதிமன்றம், பிரிட்டனில் காப்புரிமை காலாவதியான 1909-லேயே அமெரிக்காவிலும் அது செத்துவிட்டது என்று சொல்லிக் கதையை முடித்தது.

சரி, அந்த வில்லங்கத்துக்கு வருவோம். தொட்டி தானாகக் காலியாகாது! நுண்ணுயிர்கள் நிறையத் தின்னும், எல்லாவற்றையும் தின்னாது. தின்றது போக மிச்சம் சேறாக அடியில் படியும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை அதை உறிஞ்சி எடுத்தாக வேண்டும். வெளியே வழிகிற தண்ணீரும் சுத்தமல்ல. தெளிவாகத் தெரியும், ஆனால் கிருமி அப்படியே இருக்கும். அதைத் துளைக்குழாய் வழியாக மண்ணுக்குள் பரவலாகக் கசியவிட்டால்தான் பாக்கி வேலை நடக்கும். செய்வது யார்? மோல் நம்பிய அதே மேல்மண்தான். அப்புறம்தான் மரத்துக்கோ செடிக்கோ அது லாயக்கு.

நம்ம ஊரில் பெரும்பாலும் நடப்பது வேறு. நாலு சிமென்ட் உறையை இறக்கி, அடியைத் திறந்தே விட்டு, அதற்கும் செப்டிக் டேங்க் என்றே பெயர். பத்தடி தள்ளி போர்வெல். ‘எங்க வீட்டு டேங்க் பதினஞ்சு வருஷமா நிரம்பவே இல்ல’ என்று பெருமை வேறு. நிரம்பாவிட்டால் போனது எங்கே என்று போர்வெல்லைத்தான் கேட்க வேண்டும்.

சரியாகக் கட்டிய தொட்டியையும் வருடக்கணக்கில் மறந்துவிட்டால் சேறு இறுகிவிடும். அப்போது லாரிக் குழாய் உறிஞ்சாது. ஆளைக் கூப்பிடுவார்கள். எக்ஸிட்டரில் விளக்கு எரித்த மீத்தேனோடு ஹைட்ரஜன் சல்ஃபைடும் உள்ளே காத்திருக்கும். இரண்டாவது ரகம் அதிகமாக இருந்தால் மூக்கின் மோப்பத்தையே மழுங்கடித்துவிடும். அதனால் எச்சரிக்கையே கிடைக்காது. இறங்கியவர் மயங்கி விழுவார், காப்பாற்ற இறங்கியவரும் விழுவார். செய்தித்தாளில் ‘இருவர் பலி’, ‘மூவர் பலி’ என்றே வருவதற்குக் காரணம் இதுதான்.

பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் மனிதரைத் தொட்டிக்குள் இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சாவு நிற்கவில்லை. 2023 அக்டோபரில் அதே நீதிமன்றம் தொகையை முப்பது லட்சமாக உயர்த்தியது.