தள்ளுபடிப் போர்

1852 மே 4. லண்டன் ஸ்ட்ராண்ட் தெருவில் 142-ஆம் எண் வீட்டில் எழுத்தாளர்கள் கூடினார்கள். தலைமை சார்லஸ் டிக்கன்ஸ். கணிப்பொறிக்கு முன்னோடியான பாபேஜ், தத்துவ அறிஞர் ஹெர்பர்ட் ஸ்பென்சர் என்று பெரிய பெயர்கள். பின்னாளில் ஜார்ஜ் எலியட் என்று புகழ்பெற்ற மேரியன் இவான்ஸ் அப்போது அந்த வீட்டில்தான் குடியிருந்தார்.

வீட்டுக்காரர் ஜான் சாப்மன், புத்தக வியாபாரி. அட்டை விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி தரக்கூடாது என்பது வியாபாரிகள் சங்கத்தின் விதி. மீறிய கடைக்குப் பதிப்பாளர்கள் சரக்கு தரமாட்டார்கள். அமெரிக்கப் புத்தகங்களைத் தருவித்துக் குறைந்த விலைக்கு விற்ற சாப்மன் சங்கத்தோடு மோதினார். புத்தகம் மலிவாக விற்றால் படிப்பவர் பெருகுவர் என்று எழுத்தாளர்கள் அவர் பக்கம் நின்றார்கள். கார்லைலும் ஜான் ஸ்டூவர்ட் மில்லும் கடிதம் எழுதி ஆதரித்தார்கள். பஞ்சாயத்து தலைமை நீதிபதி கேம்பெல் பிரபுவிடம் போனது. அதே மாதம் அவர் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார். சங்கம் கலைந்தது.

அவர்கள் நோக்கத்தில் குறை இல்லை. ஆனால் விளைவு வேறு. ஷில்லிங்குக்கு மூன்று பென்ஸ், அதாவது கால் பங்கு தள்ளுபடி தரும் போட்டியில் கடைக்காரர் கையில் மிஞ்சியது சொற்பம். மெதுவாக விற்கும் கனமான நூல்களை வாங்கி அடுக்கிவைக்க அவரால் முடியவில்லை. வாசகன் இழந்தது அதைத்தான் என்பேன்.

1890-இல் பதிப்பாளர் ஃபிரெடரிக் மேக்மில்லன் ஒரு வழி கண்டார். கடைக்காரருக்கான கழிவைக் குறைத்தார். அட்டை விலையையும் குறைத்தார். அந்த விலைக்குக் கீழே யாரும் விற்கக்கூடாது என்றார். ஆல்ஃபிரட் மார்ஷலின் ‘பொருளாதாரக் கோட்பாடுகள்’ இப்படி 12 ஷில்லிங் 6 பென்ஸுக்கு வந்தது. விற்பனையாளர் சங்கம் 1895-இலும், பதிப்பாளர் சங்கம் 1896-இலும் உருவாயின. 1900 ஜனவரி 1 முதல் நிகர விலை ஒப்பந்தம் நாடெங்கும் நடப்புக்கு வந்தது.

அதற்கும் சோதனை வந்தது. 1905-இல் தொடங்கிய ‘டைம்ஸ்’ பத்திரிகையின் புத்தகக் கழகம், சந்தாதாரர் படித்துத் திருப்பிய புதுப் புத்தகங்களை மலிவாக விற்றது. பதிப்பாளர்கள் அதற்குச் சரக்கை நிறுத்தினார்கள். 1908-இல் கழகம் பணிந்தது.

1962-இல் நீதிமன்றமும் ஒப்பந்தத்தை ஏற்றது. அது இல்லாவிட்டால் கடைகள் குறையும், தலைப்புகள் குறையும், விலை ஏறும் என்றது. ஆனால் 1995-இல் பெரிய பதிப்பகங்களே விலகின. 1997-இல் நீதிமன்றம் ஒப்பந்தத்தைச் சட்டவிரோதம் என்றது. பிரிட்டன் இப்படிக் கைவிட்டதை பிரான்ஸ் 1981-இலேயே சட்டமாக்கியிருந்தது: தள்ளுபடி ஐந்து சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சர் ஜாக் லாங்கின் கதை அடுத்த வாரம்.