பின்பாரம்

விமானத்துக்கு ஆபத்தெல்லாம் ஆகாயத்தில்தான் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். விமானிகள் அப்படிச் சொல்வதில்லை. வாலில் சக்கரமுள்ள சிறு விமானத்தை, தரையில் நின்று அடங்கும்வரை நம்பக் கூடாதாம்!

இதன் சூட்சுமம் நம் ஊர் வண்டிக்காரருக்குச் சட்டென்று விளங்கும். பின்பாரம் பொல்லாதது. இந்த விமானங்களில் பெரிய சக்கரங்கள் இரண்டும் முன்னால். பாரத்தின் மையமோ அவற்றுக்குப் பின்னால். ஓட்டம் சற்றே கோணினால் போதும், பின்பாரம் முந்திக்கொள்ளத் துடிக்கும். இறகுப் பக்கம் முன்னால் வரும்படி ஓர் அம்பை எறிந்து பாருங்கள், நடுவழியில் திரும்பிக்கொள்ளும். அதே கதைதான். இறங்கும்போது இது இன்னும் மோசம். வேகம் குறையக் குறைய வால் சுக்கானுக்குக் காற்றின் பிடிப்பும் குறைகிறது; தூக்கிய மூக்கோ பாதையை மறைக்கிறது. மிதிக்க வேண்டிய கால் ஒரு நொடி தாமதித்தால் விமானம் சுழன்று, இறக்கை தரையில் உரசி நிற்கும். ‘கிரவுண்ட் லூப்’ என்று இதற்குப் பெயர்.

கிளம்பும்போதும் இது நேரும். அப்படி நேர்ந்த ஒன்றை என்னால் மறக்க முடியவில்லை.

1937 மார்ச் 20, விடியற்காலை. ஹவாயில் லூக் ஃபீல்டு விமான நிலையம். உலகைச் சுற்றிவரக் கிளம்பிய அமீலியா ஏர்ஹார்ட், வயிறு நிறையப் பெட்ரோலுடன் தமது இரட்டை எஞ்சின் லாக்ஹீட் எலக்ட்ராவை ஓடவிட்டார். அடுத்த இடம் ஹௌலந்து என்னும் குட்டித் தீவு. விமானம் கோணியது, சுழன்றது, கால் ஒடிந்து வயிற்றால் தேய்ந்தது. டயர் வெடித்தது என்றார்கள் சிலர். எஞ்சின்களைக் கையாண்ட விதம் தவறு என்றார்கள் சிலர். நல்லவேளை, தீப்பிடிக்கவில்லை, ஒருவருக்கும் காயமில்லை.

ஆனால் பயணம் தலைகீழாயிற்று. பழுதுபார்த்துக் கிளம்புவதற்குள் பருவக்காற்று மாறிவிட்டதால், மேற்கே போகவிருந்தவர் கிழக்கே கிளம்பினார். கம்பியில்லாத் தந்தியில் கெட்டிக்காரரான ஹாரி மானிங் விலகிக்கொண்டார். துணைக்கு ஃப்ரெட் நூனன் மட்டுமே. ஜூன் மாதம் கராச்சி, கல்கத்தா வழியாகப் போனார்கள். தொடக்கத்தில் வந்திருக்க வேண்டிய ஹௌலந்து இப்போது கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டது. ஜூலை 2-ல் நியூகினியின் லே நகரிலிருந்து கிளம்பினார்கள். அமீலியாவின் குரல், காத்திருந்த ‘இடாஸ்கா’ கப்பலுக்குக் கேட்டது. தீவுக்கு அவர்கள் வந்து சேரவேயில்லை.

முதல் தடவையே கிளம்பியிருந்தால் பிழைத்திருப்பார்களா? யார் சொல்ல முடியும்? கதை எழுதுகிறவன் ஆகையால் கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

மூக்கின் கீழ் சக்கரம் வைப்பது ஒன்றும் புதுமையல்ல. 1908-ல் கர்ட்டிஸ் பறந்த ‘ஜூன் பக்’ விமானத்திலேயே அது இருந்தது. ஆனாலும் வால் சக்கரம் இலேசானது, கரடுமுரடான புல்வெளிக்கு ஏற்றது என்று அதையே வெகுகாலம் வைத்திருந்தார்கள். 1956-ல் செஸ்னா கம்பெனியார் தங்கள் 170 விமானத்தின் வால் சக்கரத்தை எடுத்துவிட்டு, மூக்கில் ஒன்றைப் பொருத்தி 172 என்று விற்றார்கள். பாரம் சக்கரங்களுக்கு முன்னே வந்தது. கோணினாலும் தானே நேராகும் குணம் விமானத்துக்கு வந்தது. 44,000-க்கு மேல் செய்தாயிற்று, இன்னும் செய்கிறார்கள். புதிதாகக் கற்க வருகிற எத்தனையோ பேர் அதில்தான் இறங்கப் பழகுகிறார்கள்.

அவர்களில் எத்தனை பேருக்கு அந்த மூக்குச் சக்கரத்தின் அருமை தெரியுமோ!